விபிஎன் போட்டா சாஃப்ட்போன்ல ஒரு பக்கம் தான் சத்தம் வருது, சில கால் அர நிமிஷத்துல கட் ஆகுது

கொங்கு_தறி

வணக்கமுங்க. திருப்பூர்ல வீட்ல இருந்து வேலை பாக்கறேன், கம்பெனி சென்னைல. எக்ஸ்போர்ட் சரக்கு எங்க இருக்கு எப்ப வரும்னு கேக்கற கஸ்டமர் டெஸ்க் தானுங்க, அதனால காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் போன் போன் போன் தான். முன்ன ஆபீஸ்ல டெஸ்க் போன் இருந்துச்சு, இப்ப அதுக்கு பதிலா லேப்டாப்ல சாஃப்ட்போன் போட்டு குடுத்துட்டாங்க. விபிஎன் (ஆபீஸ் நெட்டுக்குள்ள போற பூட்டுன வழி) கனெக்ட் ஆனா தான் அது ரிஜிஸ்டரே ஆகும், ஏன்னா போன் சர்வர் (ஆஸ்டரிஸ்க்னு சொன்னாங்க) ஆபீஸ் சர்வர் ரூம்ல உள்ளுக்குள்ள இருக்கு, வெளிய இருந்து நேரா தொட முடியாதாம்.

பிரச்சன என்னன்னா, சில நாள் நான் பேசறது கஸ்டமருக்கு நல்லா கேக்குது ஆனா அவங்க பேசறது எனக்கு சுத்தமா கேக்கறதில்ல, அவரு ஹலோ ஹலோனு கத்தி வெச்சுட்டு போயிடறாரு. அப்படிப்பட்ட நாள்ல உள்ள வர்ற கால் எடுத்தா அர நிமிஷத்துல தானா கட் ஆயிடுது, கரெக்டா அதே நேரத்துல, வாட்ச் வெச்சு பாத்துட்டேன். இன்னும் சில நாள் ரெண்டு பக்கமும் கேக்குது ஆனா ரோபோ பேசற மாதிரி கொரகொரன்னு வருது. ஒரு மாதிரியா இருந்தாலாவது பரவால்லீங்க, தினம் ஒரு தினுசா இருக்கு.

ஐடி டீம்ல கேட்டா உங்க வீட்டு நெட்டு சரியில்லங்கறாங்க. நெட்டுக்காரங்கள கேட்டா ஸ்பீடு டெஸ்ட் போட்டு காட்டறாங்க, 100 எம்பி ப்ளானு, 95க்கு மேல வருது, எங்க மேல தப்பில்லைனு போயிட்டாங்க. வாட்ஸப் கால் அதே லேப்டாப்ல, அதே வைஃபைல பளிச்னு இருக்கு. அப்ப யாரு சொல்றது நிஜம்? லேப்டாப்ல எனக்கு அட்மின் உரிமை கெடையாது, அத மனசுல வெச்சு சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்காரி

ஐயோ எனக்கும் இதே கதை தான். எனக்கு வேற கம்பெனி, அமெரிக்க க்ளையன்ட். விபிஎன் கனெக்ட் ஆனப்புறம் சாஃப்ட்போன முழுசா மூடிட்டு (மேல இருக்கற இன்டு அழுத்துனா பத்தாது, கீழ கடிகாரத்துக்கு பக்கத்துல இருக்கற குட்டி ஐகான்ல போய் எக்ஸிட் குடுக்கணும்) திரும்ப தொறந்தா ஒத்தப் பக்க சத்தம் போயிடுது. ஏன்னு தெரியாது, எங்க டீம்ல எல்லாரும் அப்படித்தான் ஓட்டறோம்.

ரூட்டர்ராசா

ப்ரோ ரெண்டே வேலை. ஒண்ணு, வீட்டு ரூட்டர்ல உள்ள போய் எஸ்ஐபி ஏஎல்ஜினு ஒண்ணு இருக்கும் அத ஆஃப் பண்ணுங்க, உலகத்துல இருக்கற பாதி நெட்போன் (விஓஐபி) பிரச்சனைக்கு அது தான் காரணம். ரெண்டு, கோடெக்க (குரல டேட்டாவா சுருக்கற முறை) ஜி.729க்கு மாத்துங்க, ஜி.711 64 கேபிபிஎஸ் சாப்பிடும், இது வெறும் 8 தான். விபிஎன்னே கனமானது, அதுக்குள்ள பெரிய கோடெக்க திணிச்சா திக்கத்தான் செய்யும்.

சிப்_சித்தர்

ராசா கோச்சுக்காதீங்க, நீங்க சொன்ன ரெண்டும் நல்ல வைத்தியம் தான், ஆனா இந்த நோவுக்கு இல்ல. ஏஎல்ஜிங்கறது ரூட்டர் வழியா போற எஸ்ஐபி பாக்கெட்ட தொறந்து உள்ள இருக்கற முகவரிய மாத்தி எழுதற சமாச்சாரம். இவரோட எஸ்ஐபி முழுசும் விபிஎன்னுக்குள்ள பூட்டி போகுது, ரூட்டர் கண்ணுக்கு அது வெறும் குப்பையா தான் தெரியும், தொறக்கவே முடியாது, அப்புறம் எங்க மாத்தறது. விபிஎன் இல்லாம நேரா நெட்ல ஓடற சாஃப்ட்போனுக்கு தான் ஏஎல்ஜி எமன்.

கோடெக் விஷயத்துக்கு பின்னாடி வர்றேன். மொதல்ல ஒத்தப் பக்க சத்தம்.

கொங்கு தம்பி, போன் காலுக்கு ரெண்டு தனி ஓட்டம் இருக்கு. எஸ்ஐபிங்கறது பேச்சுவார்த்தை மட்டும் – யாரு கூப்பிடறா, யாரு எடுத்தா, எப்ப வெச்சா. குரல் வேற ரோட்டுல போகும், அது ஆர்டிபி. கால் ஆரம்பிக்கறப்ப உங்க சாஃப்ட்போன் எஸ்ஐபிக்குள்ள ஒரு சீட்டு எழுதி அனுப்பும், "எனக்கு வர்ற குரல இந்த ஐபிக்கு, இந்த போர்ட்டுக்கு அனுப்பு"னு. இப்ப உங்க லேப்டாப்புக்கு ரெண்டு முகவரி இருக்கு, வீட்டு வைஃபை குடுத்தது ஒண்ணு (பெரும்பாலும் 192.168ல ஆரம்பிக்கும்), விபிஎன் குடுத்தது ஒண்ணு (10ல ஆரம்பிக்கறது ரொம்ப சகஜம்). சாஃப்ட்போன் அந்த சீட்டுல வைஃபை முகவரிய எழுதி அனுப்பிட்டா, சென்னைல இருக்கற ஆஸ்டரிஸ்க் உங்க வீட்டு வைஃபை நம்பர எங்க போய் தேடும்? அந்த நம்பர் ஊர்ல லட்சம் வீட்ல இருக்கு. சில சமயம் ஆபீஸ்லயே அதே நம்பர்ல ஒரு பிரிண்டர் இருக்கும், குரல் பூரா அதுக்கு போய் சேரும். நீங்க அனுப்பற குரல் மட்டும் சர்வர் முகவரி சரியா தெரியறதால ஒழுங்கா போயிடும். அதான் அவங்களுக்கு கேக்குது உங்களுக்கு கேக்கல.

சில நாள் சரியா இருக்குன்னு சொல்றீங்க பாருங்க, அது தான் துப்பு. சாஃப்ட்போன் விண்டோஸ் கூடவே தானா தொறக்கற மாதிரி வெச்சிருப்பாங்க. அது எந்திரிக்கறப்ப விபிஎன் இன்னும் கனெக்ட் ஆகியிருக்காது, கையில இருக்கறது வைஃபை முகவரி மட்டும் தான், அதையே புடிச்சு வெச்சுக்கும். அப்புறம் நீங்க விபிஎன் போட்டதும் ரிஜிஸ்டர் ஆயிடும், ஆனா சீட்டுல பழைய முகவரி. விபிஎன் நடுவுல ஒரு தடவ அறுந்து ஒட்டுனாலும் இதே கூத்து நடக்கும். நைட்ஷிஃப்ட் மேடம் மூடித் தொறக்கறாங்களே, அது குருட்டு வைத்தியம் இல்ல, சரியான வைத்தியம் தான்.

அர நிமிஷ கட்டும் இதே வேர். அது 30 இல்ல, நல்லா எண்ணிப் பாத்தா 32 செகண்ட் இருக்கும். கால் எடுத்தவுடனே உங்க போன் "எடுத்தாச்சு"னு சொல்லும், சர்வர் "சரி, தெரிஞ்சுகிட்டேன்"னு பதில் குடுக்கணும். அந்த பதிலும் தப்பான முகவரிக்கு போனா உங்க போனுக்கு வந்தே சேராது, அது திரும்ப திரும்ப சொல்லிப் பாத்துட்டு 32 செகண்ட்ல வெறுத்துப் போய் வெச்சிடும். 2002ல வந்த எஸ்ஐபி தரத்துலயே அர செகண்டுக்கு 64 மடங்குனு எழுதி வெச்சிருக்கு. அதனால எங்க யாரு "கரெக்டா அர நிமிஷத்துல கட்"னு சொன்னாலும் நெட்டு ஸ்பீடப் பத்தி பேசறதே வேஸ்ட், பதில் திரும்பி வர்ற வழி அடைபட்டிருக்குன்னு அர்த்தம்.

அட்மின் உரிமை இல்லாமலே பாக்கலாம். பெரும்பாலான சாஃப்ட்போன்ல லாக் (நடந்தத எல்லாம் அது எழுதி வெக்கற குறிப்பு) பாக்கற வழி செட்டிங்ஸ்ல ஒரு மூலைல இருக்கும். ஒரு கால் பண்ணிட்டு லாக்ல இன்வைட்னு வர்ற இடத்துக்கு கீழ, சி எழுத்துல ஆரம்பிக்கற குட்டி வரி ஒண்ணு இருக்கும், அதுல ஒரு ஐபி இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் அடிச்சு வர்ற விபிஎன் ஐபியோட ஒப்பிட்டு பாருங்க. அப்படியே ஸ்டன்னு ஒரு டிக் இருந்தா எடுத்து விடுங்க, அது உங்க வீட்டோட பொது ஐபிய கண்டுபுடிச்சு சீட்டுல எழுதறதுக்குன்னே இருக்கறது, விபிஎன்னுக்குள்ள அது உபத்திரவம் தான்.

ரோபோ சத்தம் வேற வியாதி. விபிஎன் மென்பொருள்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் இல்ல டீடெயில்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், ப்ரோட்டோகால்னு போட்டு என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க.

கொங்கு_தறி

சித்தரண்ணா பெரிய நன்றிங்க. பாத்தேன். லாக்ல அந்த சி வரில 192.168.1.7னு இருக்குது, விபிஎன் ஐபி 10.20ல ஆரம்பிக்குது. மூடித் தொறந்துட்டு இன்னொரு கால் போட்டேன், இப்ப சி வரிலயும் 10.20 வந்துருச்சு, ரெண்டு பக்கமும் கேக்குது, அர நிமிஷம் தாண்டியும் கால் நிக்குது. ஸ்டன் டிக் இருந்துச்சு எடுத்துட்டேன். தானா தொறக்கறதையும் நிறுத்திட்டேனுங்க, இனி விபிஎன் போட்டப்புறம் தான் அத தொடறது.

ப்ரோட்டோகால்ல டிஎல்எஸ்னு மட்டும் இருக்கு. மத்தவங்க படத்துல டிடிஎல்எஸ்னு ஒரு எழுத்து கூட வருது, அது தானா?

சிப்_சித்தர்

அதே தான். அந்த ஒரு எழுத்துல தான் உங்க ரோபோ இருக்கான்.

டிடிஎல்எஸ்னா விபிஎன் யுடிபில ஓடுது, வெறும் டிஎல்எஸ்னா டிசிபில ஓடுது, ரெண்டும் நெட்ல பாக்கெட் அனுப்பற ரெண்டு முறை. இந்த மாதிரி விபிஎன்லாம் மொதல்ல யுடிபில முயற்சி பண்ணும், வழில எங்கயாவது அடைச்சிருந்தா இல்ல ஆபீஸ் பக்கம் அணைச்சு வெச்சிருந்தா சத்தமே போடாம டிசிபிக்கு எறங்கிடும். மெயில் வரும், ஃபைல் தொறக்கும், உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. குரலுக்கு மட்டும் தான் தெரியும்.

ஏன்னா குரல் செகண்டுக்கு 50 பாக்கெட்டா போகுது, ஒண்ணொண்ணுலயும் 20 மில்லிசெகண்ட் பேச்சு. வழில ஒண்ணு தொலைஞ்சா தொலைஞ்சது தான், காது கண்டுக்காது, கோடெக்கே ஒப்பேத்தி நிரப்பிடும். யுடிபி அப்படி விட்டுட்டு போயிட்டே இருக்கும். டிசிபி அப்படி விடாது, தொலைஞ்சத திரும்ப வரவழைச்சு வரிசைல வெச்சப்புறம் தான் பின்னாடி வந்தத குடுக்கும், அது வரைக்கும் பின்னாடி வந்த பத்து பதினஞ்சு நல்ல பாக்கெட்டும் வாசல்ல நிக்கும். அப்புறம் மொத்தமா கொட்டும். அதுக்குள்ள அந்த இடத்த போன் தாண்டிப் போயிருக்கும், வந்தத தூக்கி கடாசிடும். இலைய மூடுனப்புறம் சாம்பார் வந்தா யாருக்கு பிரயோஜனம். ஒரு பாக்கெட் தொலைஞ்சதுக்கு டிசிபி பத்து பாக்கெட்ட கெடுக்குது, அது தான் கொரகொர.

வாட்ஸப் கால் ஏன் நல்லா இருக்குன்னு கேட்டீங்க. உங்க ஆபீஸ் விபிஎன் ஸ்ப்ளிட் டனலா (ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் விபிஎன்ல, மத்தது நேரா நெட்ல) இருந்தா வாட்ஸப் விபிஎன்னுக்குள்ளயே போகாது, நேரா யுடிபில வெளிய போயிடும். அதனால அதையும் இதையும் ஒப்பிடறது நியாயமே இல்ல, ரோடே வேற.

இப்ப ராசா சொன்ன கோடெக் கணக்கு. ஜி.711ல 20 மில்லிசெகண்டுக்கு குரல் 160 பைட், அது மேல ஐபி, யுடிபி, ஆர்டிபி மூணு தலையும் சேந்து 40 பைட், அதுக்கு மேல விபிஎன் உறை இன்னொரு 60 கிட்ட வரும். எல்லாம் சேத்தாலும் ஒரு பக்கத்துக்கு 105 கேபிபிஎஸ் சுமாரா தான் ஆகுது. உங்க ப்ளான் 100 எம்பிபிஎஸ், அதாவது இதுக்கு ஆயிரம் மடங்கு. ஜி.729 எடுத்தா குரல் 20 பைட் தான், ஆனா தலையும் உறையும் அதே 100 பைட், மொத்தத்துல 50 கேபிபிஎஸ் கிட்ட நிக்கும். 8னு நெனச்சு போனவங்களுக்கு 50. அதோட பாக்கெட் எண்ணிக்கை ரெண்டுலயும் செகண்டுக்கு 50 தான், டிசிபில மாட்டறது அப்படியே மாட்டும், குரல் தரம் மட்டும் கொறையும். அகலம் இவருக்கு பிரச்சனையே இல்ல, நேரத்துக்கு வந்து சேர்றது தான் பிரச்சன. மாத்தறதுன்னா ஓபஸ்க்கு மாத்துங்க, 2012லயே தரமா வந்தாச்சு, தொலைஞ்ச பாக்கெட்ட அடுத்த பாக்கெட்ல ஒரு நகலா வெச்சு அனுப்பற வசதி இருக்கு. ஆனா வெளி லைன் ஜி.711ல தான் வரும், சர்வர் நடுவுல மொழிபெயர்க்கணும், அதுக்கு உங்க ஐடி ஒத்துக்கணும்.

ரூட்டர்ராசா

தலையோட கணக்கு இப்படி வரும்னு யோசிக்கல சித்தரே. ஆனா ஒரு சந்தேகம், நான் ஜி.729க்கு மாத்துன எடத்துல நெஜமாவே முன்னேற்றம் இருந்துச்சே, அது எப்படி?

சிப்_சித்தர்

அது பழைய காப்பர் லைன் பிராட்பேண்டா இருக்கும், அப்லோடு அர எம்பி கூட தேறாத எடம், அதுல ரெண்டு மூணு கால் ஒண்ணா ஓடுனா ஜி.729 உயிரக் காப்பாத்தும். எடம் பாத்து வைத்தியம், அவ்ளோ தான்.

ஃபயர்வால்_பாண்டி

அண்ணே, நான் மதுரைல ஒரு கம்பெனில இந்த விபிஎன்ன கட்டி மேய்க்கிறவன், அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன், ஏன்னா எல்லாரும் ஐடிகாரன திட்டிட்டு போயிருவீங்க.

யுடிபிய ஏன் அணைச்சு வெக்கிறோம்னா, அம்புட்டு பேரும் நெனக்கிற மாதிரி சோம்பேறித்தனம் இல்ல. முன்னாடி ஒரு ஃபயர்வால் இருக்கும், அதுல டிசிபி 443 மட்டும் தொறந்து ஆடிட்ல பாஸ் பண்ணியிருப்பாக, இன்னொரு வாசல் தொறக்கணும்னா பேப்பர் எழுதணும், சேஞ்ச் அப்ரூவல் வாங்கணும், யாரு கேக்குறா எதுக்கு கேக்குறான்னு நாலு பேரு கேப்பாக. "வாய்ஸ் சரியில்ல"னு டிக்கெட் போட்டா அந்தப் பேப்பர்ல என்னத்த எழுதுறது? "விபிஎன் கிளையன்ட் டிடிஎல்எஸ் ஏறாம டிஎல்எஸ்ல நிக்கிது, யுடிபி 443 தொறந்தா சரியாகுமா பாத்துச் சொல்லுங்க"னு எழுதுங்க தம்பி, அன்னைக்கே எடுத்துப் பாப்பாக. இப்படி ஒரு டிக்கெட்டு வந்தா நானே எந்திரிச்சு நின்னு கும்புடுவேன்.

முகவரி கோளாற சர்வர் பக்கமே சரி பண்ணலாம். ஆஸ்டரிஸ்க்ல பிஜேசிப் எண்ட்பாயின்ட்ல (ஒவ்வொரு போனுக்கும் உள்ள செட்டிங்) ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் காண்டாக்ட்னு மூணு இருக்கு, மூணையும் எஸ் போட்டா சீட்டுல என்ன எழுதியிருந்தாலும் சட்ட பண்ணாம, பாக்கெட் எங்கேருந்து வந்துச்சோ அங்கயே திருப்பி அனுப்பும். வீட்ல இருந்து பேசுற ஆளுகளுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு போட்டு விட்டுருவேன். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு மூடித் தொற மூடித் தொறன்னு சொல்லிட்டு இருக்க முடியுமா.

அப்புறம், சிலபேரு வந்து "விபிஎன்னே வேணாம், சர்வர நேரா நெட்ல தொறந்து விட்டுருங்க"னு சொல்லுவாக. எஸ்ஐபி வந்து போற 5060 போர்ட்ட வெளிய காட்டிப் பாருங்க, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள லாக்ல "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்"னு பேரு போட்டுக்கிட்டு ஒருத்தன் கதவத் தட்டிக்கிட்டு இருப்பான். பேரு மட்டும் தான் ஃப்ரெண்ட்லி. எக்ஸ்டென்ஷன் 100க்கு பாஸ்வேர்டும் 100ன்னு வெச்சவன் கதி அதோகதி, ராத்திரியோட ராத்திரியா காசு புடுங்குற வெளிநாட்டு நம்பருக்கா கால் போட்டுத் தள்ளிருவாங்க, பில்லு கம்பெனி தலைல. வெளிய விடணும்னா எல்லைல எஸ்பிசினு போன் காலுக்குன்னே ஒரு காவல் பொட்டி வெச்சு, பேச்சுவார்த்தைக்கு டிஎல்எஸ், குரலுக்கு எஸ்ஆர்டிபி (பூட்டுன ஆர்டிபி) போட்டு தான் விடணும். அது பாதுகாப்பும் கூட, விபிஎன் தொல்லையும் இல்ல, என்னயக் கேட்டா அது தான் முறை. துட்டு ஆகும்.

டீம்ஸ் மாதிரி கிளவுட் போன் வெச்சிருக்கவுகளுக்கு கதை வேற. அதோட குரல் யுடிபி 3478ல இருந்து 3481 வரைக்கும் போகும், அத விபிஎன்ன விட்டு வெளிய பிரிச்சு விடுங்கன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது, அது ஏற்கனவே பூட்டி தான் போகுது, இன்னொரு பூட்டு எதுக்கு. கொங்கு தம்பிக்கு அது ஆகாது, இவுகளுக்கு சர்வரே உள்ள தான இருக்கு.

நைட்ஷிஃப்ட்காரி

பாண்டி அண்ணா இப்ப என் கேள்விய கேட்டுக்கறேன். எனக்கு சத்தம் கொரகொரன்னு இல்ல, தெளிவா தான் இருக்கு, ஆனா நான் பேச ஆரம்பிச்சா க்ளையன்ட்டும் அதே நேரம் ஆரம்பிக்கறாங்க, ரெண்டு பேரும் சாரி சாரி நீங்க சொல்லுங்கன்னு நிக்கறோம், மறுபடி ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கறோம். நாள் பூரா இதே. விபிஎன்ல சர்வர் தேர்ந்தெடுக்கற லிஸ்ட்ல எனக்கு எப்பவும் லண்டன்னு வருது, போன் சர்வர் அமெரிக்கால கிழக்குப் பக்கம் எங்கயோ இருக்கு.

ஃபயர்வால்_பாண்டி

தங்கச்சி அது தாமதம். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்னு ஐடியு (உலக தொலைத்தொடர்பு அமைப்பு) கணக்கு, ஜி.114னு பேரு. இந்தியால இருந்து அமெரிக்காவுக்கு பிங் போட்டாலே போயிட்டு வர 200க்கு மேல ஆகும், அதுல பாதி ஒரு வழி. அதுக்கு மேல சாஃப்ட்போன் பாக்கெட்ட கொஞ்ச நேரம் சேத்து வெக்கிறது, ஹெட்செட்டு, அந்தப் பக்க மொபைல் நெட்வொர்க்குனு ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்தி 150அ தாண்டி விட்டுருது. புளூடூத் ஹெட்செட் போட்டிருந்தா அதக் கழட்டிட்டு வயர் வெச்சத போடுங்க, கணிசமா கொறையும். லிஸ்ட்ல அமெரிக்க கிழக்குப் பக்கம் ஏதும் இருந்தா ஒரு கால் அதுல போட்டுப் பாருங்க, சமயத்துல லண்டன் வழியா போறதும் நேரா போறதும் ஒண்ணா தான் இருக்கும் ஏன்னா கேபிளே அந்தப் பக்கமா தான் போகுது, சமயத்துல நல்ல வித்தியாசம் தெரியும். ஒண்ணு மட்டும் நிச்சயம், கடலச் சுருக்க முடியாது.

இன்னொண்ணு, உங்கள மாதிரி வெளிநாட்டு கால் எடுக்குறவுக வீட்ல இருந்து பேசலாமான்னு முன்ன பெரிய சிக்கல் இருந்துச்சு. 2020 நவம்பர்ல ஓஎஸ்பி (கால் சென்டர் மாதிரி சேவை நடத்துற கம்பெனி) பதிவே வேணாம்னு டெலிகாம் துறை எடுத்து விட்டுருச்சு, 2021 ஜூன்ல உள்நாடு வெளிநாடுங்கிற பிரிவினையையும் எடுத்துருச்சு. ஆனா கம்பெனி டேட்டா லைன்ல வந்த வெளிநாட்டு கால இங்கன இருக்குற சாதா மொபைல் நம்பருக்கு இணைச்சு விடுறது, டோல் பைபாஸ்னு சொல்லுவாக, அது இங்க ஆகாது. சாஃப்ட்போன்ல வந்த க்ளையன்ட் கால உங்க மொபைலுக்கு ஃபார்வர்ட் போட விட மாட்டேங்குதுன்னு சிலபேரு பொலம்புறதுக்கு இது தான் காரணம், ஐடிகாரன் கெட்டவன்னு இல்ல.

அபுதாபி_அருப்புக்கோட்டை

குறுக்க வர்றேன் மன்னிக்கணும். நான் அபுதாபில, எனக்கு கம்பெனி விபிஎன் இருக்கு. அதுல சாஃப்ட்போன் போட்டு ஆபீஸ் கால் பேசறேன். அதே விபிஎன்ல வீட்டுக்கு வாட்ஸப் கால் பேசிக்கலாமா? இங்க சாதாரணமா வாட்ஸப் கால் போகாது.

ஃபயர்வால்_பாண்டி

அண்ணே வேணாம். கம்பெனி தன் வேலைக்கு விபிஎன் வெச்சுக்கிறத அங்க தடுக்கல, 2016லயே அவுக டெலிகாம் ஆணையம் அத சொல்லிருச்சு. ஆனா விபிஎன்ன வெச்சு ஐபிய மறைச்சு தடை செஞ்ச ஒண்ணச் செஞ்சா 5 லட்சம் திர்ஹாம்ல இருந்து 20 லட்சம் திர்ஹாம் வரைக்கும் அபராதம்னு சட்டத்துலயே இருக்கு, இல்ல ஜெயிலு, இல்ல ரெண்டுமே. ஆபீஸ் வேலைய ஆபீஸ் விபிஎன்ல பாருங்க, வீட்டுக்கு அங்க அனுமதி இருக்குற ஆப்ல பேசுங்க. கம்பெனி லாக்லயும் எல்லாம் விழும்கிறத மறந்துராதீக.

கொங்கு_தறி

எல்லாருக்கும் அப்டேட்டுங்க. பாண்டி அண்ணன் சொன்ன வாசகத்த அப்படியே டிக்கெட்ல போட்டேன். நெஜமாவே மறு நாளே ஒருத்தர் கூப்பிட்டாரு, இது வரைக்கும் உங்க வீட்டு நெட்டுனு சொன்னவரே தான், இப்ப குரலே வேற மாதிரி. யுடிபி தொறக்க பேப்பர் போட்டு, எங்க டீமுக்கு மட்டும் மொதல்ல சோதனைக்கு விட்டுருக்காங்க. இப்ப டிடிஎல்எஸ்னு வருது. காலைல பேசுன கால்லாம் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சுங்க. சர்வர்ல அந்த மூணு எஸ் போடறத பத்தியும் சொல்லியிருக்கேன், பாக்கறோம்னாரு.

ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இன்னும் திக்குது. இப்பவும் டிடிஎல்எஸ் தான் இருக்கு, எறங்கல.

சிப்_சித்தர்

இப்ப தான் உங்க வீட்டு முறை. கமாண்ட் ப்ராம்ப்ட் ரெண்டு தொறந்துக்குங்க, ஒண்ணுல வீட்டு ரூட்டருக்கே (192.168.1.1ஆ இருக்கும்) பிங் ஓட விடுங்க, இன்னொண்ணுல ஆபீஸ் போன் சர்வருக்கு. திக்கறப்ப ரெண்டையும் பாருங்க. ரூட்டர் பிங்கே 2, 3ல இருந்து திடீர்னு 150, 300னு குதிச்சா அது வைஃபை, சென்னை வரைக்கும் போகவே தேவையில்ல. ரூட்டர் பிங் ஆடாம நின்னு சர்வர் பிங் மட்டும் குதிச்சா வீட்ல யாரோ அப்லோட அடைக்கறாங்க, இல்ல வெளில நெரிசல்.

கொங்கு_தறி

பாத்துட்டேனுங்க. ரூட்டர் பிங்கே குதிக்குது, 280 வரைக்கும் போகுது. லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல நிக்குது, எங்க காம்பவுண்ட்ல மட்டும் வைஃபை பேரு இருபதுக்கு மேல தெரியுது, சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து டிவி போடறாங்களாட்ட இருக்கு. ரூட்டர் ஹால்ல, நான் உக்கார்றது பின்னாடி ரூம்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அங்க வரைக்கும் எட்டறதில்ல. லேன் கேபிள் இழுத்துட்டா போச்சு, பக்கத்து கடைல சொல்லியிருக்கேன், செவுத்தோரமா அடிச்சு குடுக்கறேன்னிருக்காரு.

சிப்_சித்தர்

கேபிள் தான் சரி. போட்டப்புறம் வைஃபைய லேப்டாப்ல ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டும் இருந்தா சாஃப்ட்போனுக்கு மூணாவதா ஒரு முகவரி கெடச்சு பழைய கூத்து திரும்ப ஆரம்பிக்கும்.

ஃபயர்வால்_பாண்டி

அதோட தம்பி, இனிமே எந்த கால் கெட்டாலும் எத்தன மணிக்கு, உள்ள வந்ததா வெளிய போனதா, எந்த நம்பர், யாருக்கு கேக்கல – இந்த நாலையும் அப்பவே ஒரு நோட்ல குறிச்சு வெச்சு டிக்கெட்ல போடுங்க. சர்வர் லாக்ல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல கால் இருக்கும், நேரம் தெரிஞ்சா தான் உங்களுத தனியா புடிச்சுப் பாக்க முடியும். "நேத்து மத்தியானம் ஒரு கால் சரியில்ல"னு எழுதுனா சத்தியமா எவனும் தேட மாட்டான், நானும் தேட மாட்டேன்.